நிறுத்த ஒன்று, கிளம்ப இரண்டு

என் வீட்டுக்காரருக்கு என்ன வியாதி என்று கடைசியாகத் தெரிந்துகொண்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவர். இன்னொருவர் நான். அதற்கு முன்பே அவருடைய அண்ணனுக்குத் தெரியும். அண்ணனோடு ஆவடி தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். எங்கள் தெருமுனை மெடிக்கல் கடைக்காரருக்குக் கூடத் தெரிந்திருந்தது. அந்த மனிதர் கொஞ்ச நாளாக என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொள்வார். என்னவோ கடன்காரரைப் பார்த்தது மாதிரி எதற்கு இந்தப் பம்மல் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்குச் சொல்லப்பட்டது, தொண்டையில் புண் என்பது மட்டும்தான்.

அவர் பஸ் கண்டக்டர். ஆவடி டிப்போ. பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவே இருபது வருஷத்துக்கு மேல் கத்தியிருப்பார். "உள்ள போ, உள்ள போ, படில நிக்காத நைனா, ஊட்ல சோறு வெச்சிகினு காத்துகினு இருப்பாங்க" என்று அவர் குரல் கொடுத்தால் வண்டிக்கு வெளியே நிற்பவன் கூட உள்ளே போவான். வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. டிரைவரோடு போட்ட சண்டை, ஏறிய கிழவி சொன்ன கதை, எல்லாவற்றையும் எனக்கு நடித்துக் காட்டாமல் சாப்பிட மாட்டார். அம்பத்தூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்தில் உட்கார்ந்துவிட்டு வரும் எனக்கு, வீட்டில் இன்னொரு மெஷின். "கொஞ்சம் வாய மூடு, காது வலிக்குது" என்று நான் சொன்ன நாள்கள் எத்தனையோ.

பஸ்ஸில் விசில் ஒன்று என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. வீட்டிலும் அவருக்கு அதே சட்டம். சோறு போதும் என்றால் தட்டின் விளிம்பில் விரலால் ஒரு முறை தட்டுவார். இன்னும் போடு என்றால் இரண்டு முறை. "ஏன், வாயில கொழுக்கட்டையா?" என்பேன். சிரிப்பார். இதைத் தவிர வேறு எதற்கும் அவர் வாயைத் திறக்காமல் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

குரல் கம்மியது முதலில் ஒரு மழைக்காலத்தில். தூசி என்றார். பிறகு வெயில் வந்தது, அப்போதும் கம்மித்தான் இருந்தது. அப்போது சூடு என்றார். கடைசியில் மூத்தார்தான், அதாவது அவருடைய அண்ணன்தான், பிடிவாதமாக ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. எல்லா இடத்திலும் அப்படித்தான் நடக்கிறது என்று பின்னால் தெரிந்தது. தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், கொஞ்சம் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று நர்ஸ் கதவைத் திறந்து, "கூட வந்த ஜென்ட்ஸ் யாரு?" என்று கேட்டார். மூத்தார் எழுந்து உள்ளே போனார். வியாதிக்காரரும் அவர் பெண்டாட்டியும் வெளியே பெஞ்சில். ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

மூத்தார் வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. "புண்ணுதான். சின்னதா ஆப்பரேசன் பண்ணா செரியாப் போவும்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. அவர்களுடைய அப்பா வெள்ளானூரில் ஏர் ஓட்டியவர். அவருக்கு வயிற்றில் கட்டி என்று ஒரு டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாராம். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர் அந்த வாரமே போய்விட்டார். சொன்னதால்தான் செத்தார் என்று மூத்தார் சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டார். தம்பியை அந்த வார்த்தையிலிருந்து காப்பாற்றுவதுதான் தன் கடமை என்று நினைத்தார். அந்தக் கடமையில் என்னையும் சேர்த்து வெளியே உட்கார வைத்துவிட்டார். அது மட்டும் எனக்கு ஆறவே இல்லை.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் காலையில் ஆஸ்பத்திரியில் ஒரு ஆள் வந்து அவர் கழுத்தையும் மார்பையும் மழித்துவிட்டான். அவன் போகிற போக்கில், "இனிமே எல்லாம் ஜாடைதான் சார், இப்பவே பழகிக்கோங்க" என்று சொல்லியிருக்கிறான். அவன் மேலும் தப்பில்லை. பேச்சு போகப் போகிறவருக்கு அது தெரியாமல் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

நான் கேன்டீனில் இட்லி வாங்கிக்கொண்டு வந்தபோது கட்டில் காலி. பாத்ரூமில் இல்லை. வராந்தாவில் இல்லை. அவர் அதற்குள் ஆஸ்பத்திரிச் சட்டையோடு கீழே இறங்கி, ரோட்டைத் தாண்டி, ஆவடி பஸ்ஸில் ஏறிவிட்டார். அந்த வண்டிக் கண்டக்டர் இவருக்குத் தெரிந்தவர். "இன்னா அண்ணாத்தே, புது யூனிபார்மா?" என்று கேட்டாராம். முதுகில் நாடா கட்டிய பச்சைச் சட்டையோடு என் வீட்டுக்காரர் ஊர் வந்து சேர்ந்தார். இதைப் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அன்று யாரும் சிரிக்கவில்லை.

"புண்ணுக்கு எவனாவது கொரல்வளைய அறுப்பானா?" என்று அண்ணனைக் கேட்டார். கம்மின குரலில் கத்தியதால் காற்றுதான் அதிகம் வந்தது. "கைல புண்ணு வந்தா கைய வெட்டுவியா? உங்கிட்ட எவ்ளோ கறக்கலாம்னு பாக்கறானுங்க. நான் வரமாட்டேன்."

அந்தக் கேள்வியில் என்ன தப்பு? புண் என்று சொன்னால் புண்ணுக்கு உண்டான நியாயத்தைத்தான் அவர் பேசுவார். அப்போதாவது மூத்தார் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் வாயைத் திறந்தார், மூடினார், பிறகு தம்பியின் சட்டை நாடாவை அவிழ்த்துவிட்டு, "செரி, குளிச்சுட்டு வா" என்றார்.

முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் ஒருவர் புண்ணுக்குப் பச்சிலை அரைத்துக் கொடுக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். அங்கே போனோம். காலையும் மாலையும் கசப்பாக ஒரு உருண்டை. நான்தான் தேனில் குழைத்துக் கொடுத்தேன். மாதங்கள் போயின. குரல் கம்மியது போய் மூச்சே சத்தம் போட ஆரம்பித்தது. மாடி ஏறினால் நின்று நின்று ஏறினார். ஒருநாள் சோறு விழுங்கும்போது அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, நான் கையை உதறிக்கொண்டு எழுந்து மூத்தார் குவார்ட்டர்ஸுக்கு நேராகப் போனேன். "மாமா, நீங்க சொல்லாம நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்" என்றேன். அவர் சொன்னார். சொல்லிவிட்டு என்னை விட அதிகமாக அழுதார். நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். அந்த மாதங்களெல்லாம் என் கையால் தேனில் குழைத்துக் கொடுத்த கோபம். அந்தக் கோபத்திலும் அவரிடம் நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, மூச்சுத் திணறலுக்குப் பார்க்கலாம் என்றுதான் கூட்டிப் போனேன்.

இரண்டாவது டாக்டர் நகரத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தார். ஐம்பது வயதுக்குள் இருக்கும் பெண். உரக்கப் பேச மாட்டார். வராந்தாவிலேயே மூத்தார் அவரை மடக்கினார். "மேடம், தம்பிக்குத் தெரிய வேணாம். தாங்க மாட்டான். எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுங்க."

டாக்டர் நின்று முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்: "அவருக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு அவர்கிட்டயே கேக்கறேன். ஒண்ணும் வேணாம், எல்லாம் அண்ணன்கிட்ட சொல்லுங்கன்னு அவர் சொன்னா, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். ஆனா அதை அவர்தான் சொல்லணும்."

உள்ளே மூன்று நாற்காலிகள். எப்போதும் போல மூத்தார் டாக்டருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனார். டாக்டர் அதைக் காட்டி, "அது அவருக்கு" என்றார். என் வீட்டுக்காரர் போய் உட்கார்ந்தார். டாக்டர் தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார். எங்கள் இருவருக்கும் டாக்டரின் தோள்தான் தெரிந்தது.

"உங்க உடம்புல என்ன நடக்குதுன்னு நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று கேட்டார்.

அவர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் திரும்பாமலேயே உள்ளங்கையை என் பக்கம் காட்டினார்.

"புண்ணுன்றாங்க மேடம்," என்றார் அவர். "ஆனா புண்ணு இல்ல. எனுக்குத் தெரியும். கழுத்த செரைக்க வந்தான் பாருங்க, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு. இவங்க யாரும் சொல்லல. நானும் கேக்கல. இவங்க மூஞ்சியப் பாத்தா கேக்க மனசு வர்ல."

மூத்தார் தலையைக் குனிந்துகொண்டார். யாரிடமிருந்து மறைக்க மூத்தார் அத்தனை பாடுபட்டாரோ, அந்தத் தம்பி எங்களைக் காப்பாற்றிக்கொண்டு தனியாக இருந்திருக்கிறார்.

டாக்டர் அவரிடம் எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேட்டார். எல்லாம் என்றார். நாங்கள் கேட்கலாமா என்று கேட்டார். கேட்கட்டும் என்றார். பிறகுதான் டாக்டர் புற்றுநோய் என்ற வார்த்தையைச் சொன்னார். மெதுவாக, அவர் கண்ணைப் பார்த்து, தெளிவாக. ஒரு காகிதத்தில் குரல்வளையை வரைந்தார். ஆரம்பத்தில் வந்திருந்தால் கதிர்வீச்சு என்கிற கரண்ட் வைத்தும் மருந்து ஏற்றியும் குரலைக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்பதை மறைக்கவில்லை. இப்போது கட்டி குருத்தெலும்பைத் தாண்டிவிட்டது. இப்போதும் கரண்ட் வைக்கலாம், ஆனால் அது திரும்பி வர வாய்ப்பு அதிகம். ஆப்பரேஷன் என்றால் குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும். பேச்சு போகும். மூச்சு கழுத்தில் போடும் குழி வழியாக வரும். பிழைக்க வாய்ப்பு அதில்தான் கூடுதல், உத்தரவாதம் அதிலும் இல்லை.

சொல்லி முடித்துவிட்டு, "இப்ப நான் சொன்னதை நீங்க எனக்குச் சொல்லுங்க. உங்க பேச்சுல. நான் சரியா சொன்னேனான்னு எனக்குத் தெரியணும்" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இடி விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கும் மனுஷனிடம் பாடம் ஒப்பிக்கச் சொல்கிறாரே என்று. ஆனால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். டிரைவர் சண்டையை எனக்கு நடித்துக் காட்டும்போது உட்காருவாரே, அப்படி.

"தொண்டைல பேச்சு வர்ற எடத்துல கட்டி கீது. எலும்ப துன்னுகினு வெளிய வந்துட்ச்சு. கரண்ட்டு வெச்சா பேச்சு நிக்கலாம், ஆனா சனியன் திரும்பி வரும். அறுத்துட்டா பேச்சு போவும், கழுத்துல ஓட்ட. ஆனா ஆளு நிக்கறதுக்கு சான்சு ஜாஸ்தி. நான் அந்த ஆஸ்பத்திரிலேர்ந்து ஓடாம இருந்தாலும் இதான் பண்ணிருப்பாங்களா மேடம்?"

"தெரியலை. அப்ப வேற வழியும் இருந்திருக்கலாம். ஆனா நீங்க ஓடினது தப்புன்னு நான் நினைக்கல. உங்ககிட்ட யாரும் எதுவும் சொல்லலையே."

அவர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"விசில் ஊத முடியுமா மேடம்?"

மூத்தார் "டேய்" என்று அதட்டினார். டாக்டர் சிரிக்கவில்லை. அவசரப்பட்டுப் பதிலும் சொல்லவில்லை. "முடியாது," என்றார். "காத்து வாய் வழியா வராது. ஏன் கேக்கறீங்க?"

அவர் தன் வேலையைச் சொன்னார். விசிலைச் சொன்னார். பேச்சு போனால் ஜாடையில் சமாளிக்கலாம், விசில் இல்லாமல் கண்டக்டர் இல்லை என்றார். டாக்டர் முழுக்கக் கேட்டார். வெளியே வரிசையில் அத்தனை பேர் நின்றிருக்கும்போது இந்த அம்மா இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாரே என்று நான் தவித்தேன். அன்று அவர் கொடுத்த அந்த நேரத்துக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

உடனே முடிவு சொல்ல வேண்டாம், ஒரு வாரம் யோசியுங்கள், அதற்கு மேல் தள்ளினால் ஆபத்து என்றார் டாக்டர். அதே ஆப்பரேஷன் செய்துகொண்ட ஒரு காய்கறிக் கடைக்காரரை வரச் சொல்லிப் பார்க்க வைத்தார். அந்த மனிதர் கழுத்துத் துணியை நீக்கிக் குழியைக் காட்டினார். என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பவில்லை. எப்படிக் குளிப்பீங்க, எப்படித் தூங்குவீங்க என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

அந்த வாரம் முழுக்க அவர் பேசினார். டிப்போவுக்குப் போய்ப் பேசினார். முகப்பேரில் இருக்கும் எங்கள் பெண் வீட்டுக்குப் போய்ப் பேசினார். அவள் செல்போனில் குரலைப் பதிவு பண்ணி வைக்கலாம் என்றதற்கு, "நான் செத்தா மாரி கேட்டுகினு ஒக்காந்திருப்பீங்களா? வேணாம்" என்றுவிட்டார். என்னோடு சண்டை போட்டார். கல்யாணத்தில் என் சித்தப்பா அவரை மரியாதையாகக் கூப்பிடவில்லை என்பதைக் கூட விடவில்லை. நான் அந்த வாரம் ஒரு தடவையும் வாயை மூடு என்று சொல்லவில்லை.

கடைசி நாள் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போய் விசிலை எடுத்து ஊதினார். மூச்சு போதாமல் முதல் தடவை சரியாக வரவில்லை. மறுபடியும் ஊதினார். இரண்டு முறை. கீழே இறங்கி வந்து அதைக் காலண்டர் ஆணியில் மாட்டினார். "போலாம்மே, அந்த மேடத்துக்கிட்ட சொல்லிடு, அறுத்துக்கறேன்னு" என்றார். பிறகு அவரே, "வேணாம், நானே சொல்றேன்" என்றார்.

எந்த ஆப்பரேஷனுக்குப் பயந்து பச்சைச் சட்டையோடு பஸ் ஏறினாரோ அதே ஆப்பரேஷனுக்கு, தன் காலால் நடந்து போனார். இரண்டுக்கும் நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான். இந்தத் தடவை அது அவர் சொன்ன முடிவு.

அதற்குப் பிறகு எங்களுக்குச் சில வருஷங்கள் கிடைத்தன. நல்ல வருஷங்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் வீட்டில் பேச்சே இல்லை என்று ஆனதும் நான் முதலில் ரேடியோ வைத்தேன், பிறகு அதையும் நிறுத்தினேன். டீயை ஊதிக் குடிக்க அவருக்கு மூச்சு வாய்க்கு வராது. நான் ஆற்றிக் கொடுப்பேன். சாம்பார் வாசனை தெரியாது. தும்மல் கழுத்திலிருந்து வரும். கம்பெனியில் மிஞ்சும் காட்டன் துணியில் கழுத்துத் துணி தைத்துக் கொடுத்தேன், பேன்ட் நிறத்துக்குப் பொருத்தமாக. கழுத்தில் வைத்துப் பேசுகிற மெஷின் ஒன்றும் வாங்கினோம். அதில் வந்த குரலைக் கேட்டு அவரே மிரண்டு அதை அலமாரிக்குள் வைத்துவிட்டார். டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள்.

பேச்சு போன வீட்டில் தட்டல் பெரிய பாஷையாகிவிட்டது. ஒன்று என்றால் நிறுத்து, வேண்டாம், இல்லை. இரண்டு என்றால் ஆமாம், கிளம்பு, சரி. மேஜை, சுவர், கட்டில் கம்பி, என் தோள் என்று எங்கே கை எட்டுமோ அங்கே. மூத்தார் கூட அதற்குப் பழகிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து தம்பியோடு இரண்டு மணி நேரம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

செக்கப்புக்குப் போனால் டாக்டர் அதே மாதிரி அவரைத்தான் கேட்பார். நான்தான் முந்திரிக்கொட்டை. "மோஷன் ஒழுங்கா போகுதா?" என்று கேட்டால், "போகுது மேடம்" என்பேன். அவர் மேஜையில் ஒரு முறை தட்டுவார். டாக்டர் என்னைப் பார்ப்பார். "அவருக்கு நாலு நாளா போகலையாம்" என்று நான் அசடு வழியத் திருத்துவேன். பேச முடியாதவருக்காக நான் பேசாமல் யார் பேசுவது என்று எனக்குக் கோபம் வரும். டாக்டர் ஒரு நாள் சொன்னார்: "நீங்க பேசுங்க. ஆனா அவர் தட்டறதுக்கு இடம் விட்டுப் பேசுங்க."

பிறகு அவருக்கு இருமலில் ரத்தம் வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் இரண்டு பக்கமும் இருந்தது.

அன்று மூத்தார் வரவில்லை. வர முடியவில்லை என்று போன் செய்தார், குரலிலேயே தெரிந்தது. நாங்கள் இருவர் மட்டும். டாக்டர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். இனி இதை முழுசாகப் போக்க முடியாது. மருந்து ஏற்றினால் கொஞ்ச காலம் கூடலாம், கூடாமலும் போகலாம், வாந்தியும் சோர்வும் இருக்கும், அடிக்கடி வந்து படுக்க வேண்டியிருக்கும். ஏற்றாவிட்டால் வலியும் மூச்சுத் திணறலும் இல்லாமல் பார்த்துக்கொள்ள மருந்து உண்டு, வீட்டுக்கே நர்ஸ் வருவார்கள்.

"இப்ப நீங்க சொல்லுங்க" என்றார்.

அவர் கையைத் தூக்கி என் வாயைக் காட்டினார். டாக்டர், "இவங்க சொல்லலாமா?" என்று கேட்டார். மேஜையில் இரண்டு தட்டு.

இத்தனை வருஷம் கேட்காமலே அவருக்காகப் பேசியவள் நான். அன்றுதான் அவராகக் கேட்டார்.

"நுரையீரலுக்குப் பூட்ச்சு" என்றேன். இரண்டு தட்டு.

"இனிமே செரியாவாது." இரண்டு.

"மருந்து ஏத்தினா கொஞ்ச நாளு கூட இருக்கலாம். கஷ்டமா இருக்கும்." இரண்டு.

"அதனால ஏத்திக்கலாம்னு சொல்றாரு மேடம்." ஒன்று. அழுத்தி, ஒரே ஒன்று.

நான் அவரைப் பார்த்தேன். அவருக்கு என்மேல் கோபமில்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் தப்பிக்கப் பார்க்கும் தெரிந்த ஆளைப் பார்ப்பது மாதிரி, கொஞ்சம் சிரிப்போடு பார்த்தார். "மருந்து வேணாங்கறாரு" என்றேன். இரண்டு.

அவர் இன்னும் காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார், பிறகு கையைத் தலைக்கு வைத்துக் கண்ணை மூடித் திறந்தார். "ஊட்லயே" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அவர் மெதுவாக இரண்டு தட்டினார். நான் சொல்லவில்லை. மறுபடியும் இரண்டு. கிளம்பு, கிளம்பு என்று.

"ஊட்லயே சாவணும்னு சொல்றாரு."

இரண்டு தட்டு.

அந்த வார்த்தையை என் வாயால் சொல்ல வைத்ததற்காக அவரை அந்த நிமிஷம் வெறுத்தேன். டாக்டரையும் வெறுத்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் அவர் என் தோளில் சாய்ந்து தூங்கினார். பல வாரங்களாக அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை.

கிளம்பும் முன் டாக்டர் இன்னொன்றும் கேட்டிருந்தார். ஒரு நாள் மூச்சு திணறும், வீட்டில் எல்லாரும் பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்கள், ஐசியூவில் மெஷின் வைப்பார்கள், அது வேண்டுமா என்று. அவர் ஒன்று தட்டினார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். அத்தனை வருஷத்தில் அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பியது அந்த ஒரு தடவைதான். "அன்னிக்கு அவரால தட்ட முடியாம இருக்கலாம். அப்ப நீங்க சொல்லணும். உங்களுக்கு என்ன வேணும்ங்கறதை இல்ல. இன்னிக்கு அவர் சொன்னதை."

எனக்கு என்ன வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அவர் இருக்க வேண்டும். எப்படியாவது, மெஷினோடாவது இருக்க வேண்டும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நாள் ஒரு காலை வேளையில் வந்தது. நர்ஸ் முந்தின நாள் வந்து மருந்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் அவர் கழுத்துக் குழியில் மூச்சு நீளமாக இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது. கண் பாதி மூடியிருந்தது. கை என் கைக்குள் கனமாகக் கிடந்தது. பெண் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் பெரியப்பாவுக்குச் சொல்லியிருந்தாள். மூத்தார் வந்தபோது ஆம்புலன்ஸோடு வந்தார். வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள்.

"தூக்கலாம்மா. ஆக்சிசன் வெச்சா தெளிஞ்சுடுவான். ஒரு தபா பாத்துடலாம்" என்றார். கெஞ்சுகிற குரல். எனக்கும் தூக்கிவிடலாம் என்றுதான் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அவர் கையைப் பார்த்தேன். அது அசையவில்லை.

நான் எழுந்து நின்று, அவர் எப்போதும் தட்டும் அந்தக் கட்டில் கம்பியில் என் வளையலோடு ஒரு முறை அடித்தேன்.

மூத்தார் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சத்தத்தோடு பேசிப் பழகியவர்தானே. "அவனா சொன்னான்?" என்று கேட்டார்.

"ஆமாம் மாமா. டாக்டருக்கு முன்னாடி சொன்னாரு. என்னைத்தான் சொல்ல வெச்சாரு."

அவர் வாசலுக்குப் போய் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து தரையில் உட்கார்ந்து தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட சொல்லலியேடா" என்று அழுதார். நீங்களும் அவர்கிட்ட சொல்லலியே மாமா என்று கேட்க இருந்தது, அன்று அதைக் கேட்க மனசு வரவில்லை.

வெயில் ஏறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். மூச்சு இழுக்கும், நிற்கும், இனி இல்லை என்று நினைக்கும்போது மறுபடியும் இழுக்கும். யாருக்காகவோ நிறுத்தி வைத்திருக்கிறார் என்று பட்டது. ஓடி வருகிற ஆளுக்காக வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கம் அவருக்கு உண்டு. அதற்காக டிரைவரிடம் எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறார்.

நான் அவர் கையைத் திருப்பி, உள்ளங்கையில் என் விரலால் இரண்டு முறை தட்டினேன்.

அதுதான் அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது.